காற்றுக் கதவும் அதைத் திருப்பும் கரமும்

2013-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 21-ஆம் நாள் நண்பகலில், சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 என்ற எண்ணைத் தொட்டது. அந்நகரம் அதுவரை கண்டிராத அளவு அது. சுமத்திராவில் எரிந்த காடுகளின் புகை நீரிணையைக் கடந்து வந்து, வானளாவிய கட்டடங்களைப் போர்த்தி நின்றது. அத்தகைய நாட்களில் பெரிய அலுவலகங்களையும் மருத்துவமனைகளையும் பராமரிப்போர் உடனே செய்ய வேண்டிய வேலைகளுள் ஒன்று, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் வாயில்களைக் குறுக்குவதாகும். ஏழாண்டுகள் கழிந்தன. 2020-ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவியபொழுது இதற்கு நேர்மாறான அறிவுரை பிறந்தது. அடைபட்ட அறைகளில் நோய்க்கிருமி தேங்காதிருக்க வெளிக்காற்றை இயன்ற மட்டும் மிகுதியாக உள்ளே விட வேண்டும், வாயில்களை அகலத் திறக்க வேண்டும் என்று கூறப்பட்டது.

ஒரே வாயில், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டளைகள். இரண்டுமே மக்களின் மூச்சைக் காப்பதற்காக எழுந்தவை. ஆனால் கட்டளை பிறக்கும் மேசைக்கும் காற்று நுழையும் வாயிலுக்கும் இடையே பல மாடிகளும் பல நூறு அடி மின்கம்பியும் கிடக்கின்றன. மேசைமேல் இருக்கும் கணினித் திரை, “மூடியுள்ளது” என்று காட்டுகின்றது. வாயில் உண்மையிலேயே மூடியுள்ளதா? கட்டடம் எழும்பிய காலத்தில் ஒரு தொழிலாளி ஏணிமேல் நின்றுகொண்டு, கையகலப் பெட்டி ஒன்றை எவ்வாறு பொருத்தினார் என்பதிலேதான் இக்கேள்விக்கு விடை அடங்கியிருக்கின்றது.

அப்பெட்டிக்கு மின் இயக்கி என்று பெயர். குளிர்சாதன வசதியுள்ள கட்டடத்தில் வாழ்நாளின் பாதியைக் கழிப்பவர்கள்கூட அதைக் கண்டிருக்க மாட்டார்கள்.

டாம்பரும் வால்வும்

பெரிய கட்டடங்களில் மாடிதோறும் ஓர் இயந்திர அறை உண்டு. அங்கே பெரும் இரும்புப் பெட்டி ஒன்று நிற்கின்றது. அதனுள் சுழலும் விசிறி, அறைகளிலிருந்து திரும்பி வரும் பழைய காற்றையும் வெளியிலிருந்து வரும் புதிய காற்றையும் கலந்து, குளிர்நீர் ஓடும் செப்புச் சுருள்களின் ஊடே செலுத்துகின்றது. காற்று குளிர்கின்றது, அதிலுள்ள ஈரம் நீராக வடிகின்றது. பின்னர் அக்காற்று தகட்டுக் குழாய்களின் வழியே அறைகளுக்குச் செல்கின்றது.

எவ்வளவு புதிய காற்று, எவ்வளவு பழைய காற்று என்பதை நிர்ணயிக்கும் கதவே டாம்பர். பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில், வரிசை வரிசையாகச் சாய்ந்து திறக்கும் கண்ணாடி இதழ்ச் சன்னல்களைப் பலரும் பார்த்திருப்பர். டாம்பரும் அவ்வமைப்புடையதே. கண்ணாடிக்குப் பதிலாகத் தகட்டு இதழ்கள். கைப்பிடிக்குப் பதிலாகச் சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டு. தண்டு கால் வட்டம், அதாவது 90 பாகை, திரும்பினால் இதழ்கள் முற்றும் மூடிய நிலையிலிருந்து முற்றும் திறந்த நிலைக்கு வருகின்றன.

காற்றுக்கு டாம்பர் எப்படியோ, குளிர்நீருக்கு வால்வு அப்படி. அறை குளிர்ந்துவிட்டால் சுருளுக்குச் செல்லும் நீரை வால்வு குறைக்கின்றது. வெப்பம் ஏறினால் கூட்டுகின்றது. இவ்விரண்டுக்கும் தாமாக அசையும் ஆற்றல் இல்லை. அவற்றின் தண்டைப் பற்றித் திருப்பும் கரமே இயக்கி.

மணியடித்த வெப்பமானி

இக்கரத்தின் வரலாறு வெப்ப நாட்டில் தொடங்கவில்லை. பனி பெய்யும் நாட்டில், கட்டடங்களைச் சூடாக்கும் உலையருகே தொடங்கிற்று. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் என்னும் ஊரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்பவர் பேராசிரியராக இருந்தார். குளிர்காலத்தில் கல்லூரிப் பணியாள் ஒவ்வொரு வகுப்பறையாக நுழைந்து வெப்பநிலையைப் பார்ப்பார். பிறகு நிலவறைக்கு இறங்கிச் சென்று, சூடான காற்று வரும் டாம்பர்களைக் கையால் கூட்டிக் குறைப்பார். பாடத்துக்கு இடையூறு; அறையோ ஒரு நேரம் புழுங்கும், ஒரு நேரம் நடுங்கும். ஜான்சன், அறைக்குள் மின்சார வெப்பமானி ஒன்றை வைத்தார். அறையின் நிலை மாறினால் நிலவறையில் மணி ஒலிக்கும். 1883-ஆம் ஆண்டில் அதற்கு அவர் காப்புரிமை பெற்றார்.

மணி ஒலித்தாலும் டாம்பரைத் திருப்ப ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளின் கையையும் இயந்திரத்துக்கு மாற்றியவர் மினியாபொலிஸ் நகரில் வாழ்ந்த ஆல்பர்ட் பட்ஸ். 1885-ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த கருவியில், அறை குளிர்ந்தவுடன் மின்சுற்று இணையும். ஒரு சிறு மோட்டார் அரை வட்டம் சுழலும். அதனோடு பிணைத்த சங்கிலி, உலையின் காற்றுக் கதவைத் தூக்கும். காற்றைப் பெற்ற நெருப்பு கனன்று எரியும். போதிய வெப்பம் வந்ததும் மோட்டார் மறு அரை வட்டம் சுழன்று கதவை இறக்கிவிடும். இன்று உலகெங்கும் அறியப்பட்ட ஹனிவெல் நிறுவனத்தின் வேர் இக்கருவியில் இருக்கின்றது. ஜான்சன் நிறுவிய தொழிலகமும் இன்று வரை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பின்னர் நெடுங்காலம், பெரிய கட்டடங்களில் மின்சாரத்தைவிட அழுத்திய காற்றே டாம்பர்களை அசைத்து வந்தது. சுவர்களுக்குள் மெல்லிய குழாய்கள் ஓடும். காற்றழுத்தம் ஏறினால் ஒரு தோற்பை போன்ற உறுப்பு உப்பிக் கோலைத் தள்ளும். மின் இயக்கிகளும் இருந்தன. ஆனால் அவை டாம்பருக்குச் சற்று அப்பால் நின்று, கோல்களாலும் மூட்டுகளாலும் தண்டை இழுத்தன. மூட்டு தேயும், கோல் நழுவும்; இயக்கி பாதி தூரம் சென்றால் இதழ் பாதி திறந்திருக்கும் என்ற உறுதியும் இல்லை. இயக்கியைத் தண்டின் மீதே நேராக மாட்டிவிடும் முறை பரவியதற்கு, 1975-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்ட பெலிமோ நிறுவனத்தின் பங்கு பெரிது. கோல்கள் மறைந்தன, பொருத்தும் வேலை எளிதாயிற்று. எளிதானதாலேயே அதைச் சற்று அலட்சியமாகச் செய்யும் வழக்கமும் வந்து சேர்ந்தது எனலாம்.

எவ்வளவு வலிமை வேண்டும்?

இயக்கியின் உள்ளே இருப்பவை ஒரு சிறு மோட்டாரும் வரிசையான பற்சக்கரங்களும்தான். மோட்டார் வேகமாகவும் மெலிவாகவும் சுழல்கின்றது. பற்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து வலிமையாக மாற்றுகின்றன. கால் வட்டம் திரும்புவதற்குச் சாதாரண இயக்கிகள் 150 விநாடி வரை எடுத்துக்கொள்ளும். அருகே நின்று பார்ப்பவருக்கு அது அசைவதாகவே தோன்றாது.

தண்டைத் திருப்பும் வலிமையை நியூட்டன் மீட்டர் என்னும் அளவால் குறிக்கின்றனர். ஒரு மீட்டர் நீளமுள்ள கோலின் நுனியில் ஏறத்தாழ அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால், அதன் மறுமுனையில் பிறக்கும் முறுக்கு 5 நியூட்டன் மீட்டராகும். டாம்பரின் பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 5 நியூட்டன் மீட்டர் என்பது தொழிலில் வழங்கும் நடைமுறைக் கணக்கு. 1.2 மீட்டர் அகலமும் 0.9 மீட்டர் உயரமும் உள்ள டாம்பரின் பரப்பு 1.08 சதுர மீட்டர். வேண்டிய வலிமை 5.4. கடையில் கிடைக்கும் அளவுகளோ பெரும்பாலும் 5, 10, 20. இங்கே 5 போதும் என்று வாங்குபவர் சிக்கனம் செய்தவராகார். 10-ஐத்தான் வாங்க வேண்டும். இதழ்களின் ஓரத்தில் காற்றுக் கசியாமல் ரப்பர் விளிம்பு இருந்தாலும், காற்று மிக வேகமாக ஓடினாலும் தேவை இன்னும் கூடும். புதிதாக இருக்கும்பொழுது லகுவாகத் திரும்பும் தண்டு, பத்தாண்டுத் தூசியும் உப்புக் காற்றும் பட்ட பிறகு அவ்வாறு திரும்பாது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பொருத்தும் முறை

நல்ல தொழிலாளி இயக்கியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் வெறுங்கையால் டாம்பரைத் திருப்பிப் பார்க்கின்றார். இதழ்கள் உரசுமாயின் குற்றம் பெரும்பாலும் சட்டத்தில் இருக்கும். தகட்டுக் குழாயோடு இணைத்து முடுக்கும்பொழுது சதுரச் சட்டம் சாய்சதுரமாகக் கோணிவிடுகின்றது. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுத்தால் இது தெரிந்துவிடும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். கோணிய சட்டத்தைச் செப்பனிடாமல் வலிய இயக்கியை மாட்டி உருட்டிவிடலாம் என்று எண்ணுவது தவறு. இயக்கி சில காலம் உழைக்கும். பிறகு பற்சக்கரம் முறியும், அல்லது தண்டைப் பிடித்திருக்கும் கவ்வி வழுக்கும்.

கவ்வி வழுக்குவது, முறிவதைவிடப் பொல்லாதது. முறிந்த இயக்கி அசையாது, அசையாததைக் கண்டுபிடிக்கலாம். வழுக்கும் கவ்வியோ தண்டின் மேல் அழகாகச் சுழன்றுகொண்டிருக்கும். இயக்கி தன் கடமையை முடித்ததாகத் திரைக்குச் செய்தி அனுப்பும். இதழ்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இக்காரணத்தால் கவ்வியின் இரு மரைகளையும் ஒன்றை முழுவதும் இறுக்கிப் பிறகு மற்றதை இறுக்காமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். தண்டில் எண்ணெய்ப் பசையோ வண்ணப்பூச்சோ இருந்தால் முதலில் துடைக்க வேண்டும்.

தண்டின் முனையில் ஒரு கோடு வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அக்கோடு இதழ்களுக்கு இணையாக நிற்கும். குழாய்க்குள் பார்க்க முடியாத நிலையிலும் இதழ் எவ்வாறு நிற்கின்றது என்பதை அது காட்டிக் கொடுக்கும். கோடு இல்லாவிடில் அரத்தால் ஒன்று இட்டுவிடுவது அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தைச் செலவிடாததால், பின்னாளில் கூரைத் தகட்டைப் பிரித்துக் குழாயை அறுத்துப் பார்க்க நேரும்.

அடுத்தது, மூடும் நிலையை அமைத்தல். டாம்பரைக் கையால் இறுக மூட வேண்டும். இயக்கியையோ அதன் கடைசி எல்லைக்குக் கொண்டு செல்லாமல் ஏறத்தாழ 5 பாகை குறைவாக நிறுத்தி, அந்நிலையில் கவ்வியை இறுக்க வேண்டும். அப்பொழுது இயக்கி தன் எல்லையை நோக்கிச் செல்லும்பொழுதெல்லாம் இதழ்களை ரப்பர் விளிம்போடு சேர்த்து அழுத்தும். இந்த 5 பாகையை விடாதவரின் டாம்பர் கண்ணுக்கு மூடியதாகத் தோன்றும். காகிதத் துண்டைப் பிடித்தால் அது படபடக்கும்.

இயக்கியின் மறுமுனையில் ஒரு சிறு தகடு உண்டு. இயக்கி தண்டைச் சுற்றித் தானே சுழன்றுவிடாமல் அது தடுக்கின்றது. அத்தகட்டின் முனை, இயக்கியின் பள்ளத்துக்குள் சற்றே தளர்ந்து ஆட வேண்டும். பார்ப்பதற்கு இது அரைகுறை வேலை போல் தோன்றுவதால், ஆர்வம் மிகுந்தவர்கள் இரு புறமும் இறுக்கித் திருகிவிடுகின்றனர். எந்தத் தண்டும் முழுமையான நேர்த்தியுடன் சுழல்வதில்லை, சிறிது தள்ளாடும். அத்தள்ளாட்டத்துக்கு இடம் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு சுழற்சியிலும் தண்டின் தாங்கி நெரிபடும்.

சுழலும் திசை இன்னொரு பொறி. தண்டு வலமாகத் திரும்பினால் சில டாம்பர்கள் திறக்கும், சில மூடும். இயக்கியில் திசை மாற்றும் விசை இருக்கின்றது. அதைச் சரிபார்க்காமல் விட்டால், “திற” என்னும் கட்டளைக்கு மூடியும், “மூடு” என்பதற்குத் திறந்தும் பணிபுரியும் டாம்பர் ஒன்று கட்டடத்தில் குடிகொண்டுவிடும். அது வழுவின்றி அசைவதால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

மின்கம்பி

பெரும்பாலான இயக்கிகள் 24 வோல்ட் மின்சாரத்தில் வேலை செய்கின்றன. ஒரு மின்மாற்றியிலிருந்து பல இயக்கிகளுக்குக் கம்பி செல்லும். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய திறனைக் கூட்டி, அதற்கு மேற்பட்ட மின்மாற்றியை வைப்பது முறை. கூட்டிப் பாராமல் கம்பிமேல் கம்பி சேர்த்தால், ஒன்று மட்டும் அசையும்பொழுது எல்லாம் நன்றாக இருக்கும். காலை ஏழு மணிக்கு எல்லா இயக்கிகளும் ஒருசேர எழும்பொழுது வோல்ட் தாழ்ந்து பாதி வழியில் நின்றுவிடும். பொதுக் கம்பியையும் மின்னோட்டக் கம்பியையும் ஓர் இயக்கியில் மாற்றிக் கொடுத்துவிட்டால், அதே மின்மாற்றியைப் பங்கிடும் மற்றவையும் கெடக்கூடும்.

திறக்க வேண்டிய அளவைச் சொல்வது வேறொரு கம்பி. வழக்கத்தில் 2 வோல்ட் என்றால் ஒரு கோடி, 10 வோல்ட் என்றால் மறு கோடி. 6 வோல்ட் நட்டநடு. சுழியத்திலிருந்து தொடங்காமல் 2-இல் தொடங்குவதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. கம்பி அறுந்து போனால் வோல்ட் சுழியமாகும். மூடு என்ற கட்டளையையும் அறுந்த கம்பியையும் வேறுபடுத்தி அறிய அதனால் வழி பிறக்கின்றது. இயக்கியும் அதே அளவில் தன் நிலையைத் திருப்பிச் சொல்கின்றது. ஆயினும் அது சொல்வது தன் நிலையைத்தான், இதழின் நிலையை அன்று என்பதை மறக்கலாகாது.

மழையோ வியர்வை நீரோ படும் இடங்களில், கம்பியை நேரே மேலிருந்து இயக்கிக்குள் நுழைத்தால் நீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். கம்பியை இயக்கிக்குக் கீழே ஒரு முறை தாழத் தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றி நுழைத்தால், நீர் அத்தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். காசு செலவில்லாத காப்பு இது.

ஈரம் என்னும் பகைவன்

குளிர்நாட்டார் எழுதிய பொறியியல் நூல்களில், வெளிக்காற்று டாம்பர் மூடாவிட்டால் சுருளில் நீர் உறைந்து குழாய் வெடிக்கும் என்று எச்சரித்திருப்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்த அச்சம் இல்லை. இங்கே பகைவன் ஈரம். 30 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கின்றது. 24 பாகையில் 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள அறைக்காற்றிலோ 13 கிராம்தான். ஆகவே உள்ளே நுழையும் ஒவ்வொரு கன மீட்டரும் 10 கிராம் நீரைச் சுமந்து வருகின்றது.

மாலை ஆறு மணிக்கு விசிறி நின்ற பிறகு, சரியாக மூடாத டாம்பர் வழியே மணிக்கு 100 கன மீட்டர் காற்றுக் கசிவதாகக் கொள்வோர், மணிக்கு ஒரு லிட்டர் நீர் கட்டடத்துக்குள் வருகின்றது என்று கணக்கிடலாம். விடிவதற்குள் ஒரு வாளி நிறைந்துவிடும். அக்காற்று 25 பாகைக்குக் கீழ் குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்க்கும். இரவு முழுவதும் குளிர்ச்சி மாறாத சுவர், கூரைப் பலகை, கோப்பு அடுக்கிய இரும்பு அலமாரி ஆகியவற்றில் நீர் படிகின்றது, பூஞ்சை பூக்கின்றது. காலையில் வருவோர் மூக்கைச் சுளித்து, தரை விரிப்பைக் குறை கூறுகின்றனர். விரிப்பை மாற்றுவதற்கு ஆகும் செலவில் பல இயக்கிகள் வாங்கலாம்!

மின்சாரம் போனால்?

இயக்கி வாங்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான். சாதாரண இயக்கி, மின்சாரம் நின்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். வில் வைத்த இயக்கி அவ்வாறன்று. அதனுள் இருக்கும் சுருள்வில்லை மோட்டார் முறுக்கி வைத்துக்கொண்டிருக்கும். மின்சாரம் போனவுடன் வில் விடுபட்டு, ஏறத்தாழ 20 விநாடிகளில் டாம்பரைக் குறித்த நிலைக்குத் தள்ளிவிடும். வெளிக்காற்று டாம்பருக்குப் பொதுவாக மூடும் நிலையே குறித்த நிலை. இயக்கியைப் புரட்டி மாட்டினால் வில்லின் திசை மாறும் என்பது பெரும்பாலான அமைப்புகளில் உள்ள வசதி; கவனக்குறைவானவருக்கு அதுவே ஆபத்து.

தீயைத் தடுக்கும் டாம்பர்களில் இக்கேள்வி உயிர்க் கேள்வியாகின்றது. 1980-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் எம்.ஜி.எம். கிராண்ட் என்னும் ஓட்டலின் கீழ்த்தளத்து உணவகத்தில் தீப்பிடித்தது. 85 பேர் மாண்டனர். தீ கீழ்த்தளத்தோடு நின்றது. ஆயினும் இறந்தோரில் பெரும்பாலோர் உயரத்து மாடிகளில் இருந்தவர்கள். புகையே அவர்களைக் கொன்றது. படிக்கட்டுகள், மின்தூக்கிக் குழிகள், கட்டட இணைப்பின் இடைவெளிகள் ஆகியவற்றோடு காற்றோட்டக் குழாய்களும் புகைக்கு வழியாயின. அக்குழாய்களில் டாம்பர்கள் இல்லாமலில்லை; மூட வேண்டிய நேரத்தில் அவற்றுட் சில மூடவில்லை.

தீத்தடுப்பு டாம்பரில் வில் இயக்கியோடு வெப்பம் உணரும் உருகி ஒன்றையும் சேர்த்திருப்பர். எச்சரிக்கை மணி அமைப்பு மின்சாரத்தைத் துண்டித்தாலும் டாம்பர் மூடும். குழாயில் வெப்பம் 72 பாகை அளவைத் தாண்டி உருகி அறுந்தாலும் மூடும். புகையை வெளியேற்றும் குழாய்களிலோ நிலைமை தலைகீழ். அங்கே டாம்பர் திறந்தாக வேண்டும், திறந்தே நிற்கவும் வேண்டும். இரு வகையும் ஒரே இயந்திர அறையில் அருகருகே இருக்கக்கூடும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒன்றின் இயக்கியை மற்றதில் மாட்டினால் அன்றாட நாட்களில் எந்தக் குறையும் தெரியாது.

வால்வைப் பற்றிச் சில

வால்வுக்கு இயக்கி பொருத்துவதில் டாம்பரின் விதிகள் பலவும் பொருந்தும். வேறுபடுவன சில. குளிர்நீர் சுமார் 7 பாகையில் ஓடுவதால் வால்வின் உடல் ஓயாமல் வியர்க்கும். எனவே தண்டு மேல் நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கலாம். இயக்கி மட்டும் வால்வுக்குக் கீழே தொங்கக் கூடாது. தொங்கினால் வியர்வை முழுவதும் மின்பெட்டிக்குள் சொட்டும். வால்வின் கழுத்து வரை வெப்பக்காப்பு உறை போர்த்த வேண்டும். இயக்கியையும் சேர்த்துப் போர்த்திவிட்டால் அதன் சூடு வெளியேறாது, பழுது பார்க்கவும் இயலாது. வால்வின் மேல் பொறித்த அம்புக்குறி நீரோட்டத்தின் திசையில் இருக்க வேண்டும். புதிய குழாய்களில் கிடக்கும் பற்றவைப்புச் சிதறல்களையும் மணலையும் கழுவி வெளியேற்றிய பிறகே வால்வை வேலைக்கு விட வேண்டும்; ஒரு சிதறல் இருக்கையில் சிக்கினாலும் வால்வு ஒருநாளும் முற்ற மூடாது.

முற்ற மூடாத வால்வின் விலை என்ன? விநாடிக்கு ஒரு லிட்டர் குளிர்நீர் 5 பாகை வெப்பம் ஏறினால் அது சுமந்து செல்லும் வெப்பம் ஏறக்குறைய 21 கிலோவாட். அதில் பத்தில் ஒரு பங்கு கசிந்தாலும் 2 கிலோவாட்டுக்கு மேல் குளிர்ச்சி, யாரும் இல்லாத அறைக்கு இரவெல்லாம் போய்க்கொண்டிருக்கும்.

நீரைப் பாதியாகக் குறைத்தால் குளிர்ச்சியும் பாதியாகும் என்று எண்ணுவது இயல்பு. சுருளின் இயல்பு அதுவன்று. நீர் பாதியானாலும் குளிர்ச்சி ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிற்கும். கடைசிச் சில துளிகளில்தான் அது மடமடவென்று சரியும். இதை ஈடுசெய்யவே, வால்வின் உள்வடிவம் தொடக்கத்தில் மிக மெல்லவும் இறுதியில் விரைவாகவும் திறக்குமாறு செதுக்கப்படுகின்றது. தேவைக்கு மிஞ்சிய பெரிய வால்வை வைத்தால் இந்த நுட்பம் பாழாகும். அது எப்பொழுதும் சற்றே திறந்த நிலையில் தத்தளிக்கும். இயக்கி ஓய்வின்றி முன்னும் பின்னும் ஓடித் தேயும்.

யார் பொறுப்பு?

தகட்டுக் குழாய் அமைப்பவர் ஒரு நிறுவனத்தார். மின்கம்பி இழுப்பவர் மற்றொருவர். கணினியில் கட்டளை எழுதுபவர் மூன்றாமவர். குழாய்க்காரர் டாம்பரை வைத்துவிட்டுப் போகின்றார். மின்காரர் இயக்கிக்கு 24 வோல்ட் வருகின்றதென்று அளந்து கையொப்பமிடுகின்றார். கணினிக்காரர் 10 வோல்ட் அனுப்பி, 10 வோல்ட் திரும்பி வருவதைக் கண்டு மனநிறைவு கொள்கின்றார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இதழைக் கண்ணால் பார்த்தவர் எவருமில்லை. இம்மூன்று கையொப்பங்களுக்கு இடையே விழுந்து மறையும் குறைகளே இத்தொழிலில் மிகுதி.

இதற்கு மாற்று, இரண்டு ஆட்களும் ஒரு கைவிளக்கும். ஒருவர் திரைமுன் அமர்கின்றார். மற்றவர் குழாயின் பரிசோதனைக் கதவைத் திறந்து விளக்கைப் பிடிக்கின்றார். முதலில் 2 வோல்ட்: இதழ்கள் முற்றும் மூடினவா, விளிம்பில் வெளிச்சம் கசிகின்றதா என்று பார்க்கின்றார். பின் 6 வோல்ட்: பாதி. பின் 10 வோல்ட்: இதழ்கள் காற்றோட்டத்துக்கு இணையாக நிற்கின்றனவா? ஓட்டத்துக்கு ஆன விநாடிகளைக் கடிகாரத்தில் எண்ணிக் குறிக்கின்றார். இறுதியில் மின்சாரத்தைத் துண்டித்து, வில் எந்தப் பக்கம் தள்ளுகின்றது என்பதையும் பார்க்கின்றார். தண்டின் முனையிலுள்ள கோட்டுக்கு நேரே, சட்டத்தின் மேல் “திறப்பு”, “மூடல்” என்று வண்ணத்தால் எழுதி வைக்கின்றார். ஒரு டாம்பருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கட்டடத்தில் இருநூறு டாம்பர்கள் இருந்தால் ஏறத்தாழ முப்பத்து மூன்று மணி நேரம். இருவருக்கு ஒரு வார வேலை. கட்டடத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்கும்பொழுது, கால அட்டவணையிலிருந்து முதலில் வெட்டப்படுவது இந்த ஒரு வாரந்தான்.